விடியும் முன்னே தனியாக ஒரு மலை: மதுரைப் பக்கம் எதைத் தேர்வது?

என் அக்கா மகளுக்கு 24 வயது. போன கார்த்திகையில் ஒரு ராத்திரி போன் செய்து, "சித்தி, தனியா ஒரு மலை ஏறணும். விடியிறதுக்கு முன்னாடியே கிளம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிடணும். எங்க போகலாம்?" என்று கேட்டாள். கேள்வியோடு பதிலையும் அவளே வைத்திருந்தாள்: சதுரகிரி. நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று சொல்லப் போய், மதுரையைச் சுற்றியிருக்கிற மலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினோம். போனை வைக்கும்போது பதினொன்றரை ஆகியிருந்தது. அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். அவளைப் போல யோசிக்கிற பெண்களும் பையன்களும் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் எல்லீஸ் நகரில் இருக்கிறேன். பள்ளியில் கணக்கு டீச்சர். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் நிற்கிறவளுக்கு, ஒரு காலைப்பொழுது வாயைத் திறக்காமல் நடப்பது எவ்வளவு நிம்மதி என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். 11 வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படிப் போய்வருகிறேன். முதல் இரண்டு வருடம் கூட்டத்தோடுதான் போனேன். 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள். அதையொட்டி எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய நடைக் குழுதான் பசுமை நடை. அவர்களோடு நடந்தபோதுதான் பாறையில் தெரிகிற கீறல்கள் இரண்டாயிரம் வருடத்துத் தமிழ் எழுத்து என்பதும், எந்தப் படி வழுக்கும், எந்தச் சுனையில் தண்ணீர் நிற்கும் என்பதும் தெரிந்தது. தனியாகப் போவது அதற்கப்புறம் வந்த பழக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த மலையானாலும் சரி, தனியாகப் போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஆட்களோடு, நல்ல வெளிச்சத்தில் அங்கே போய்வந்திருக்க வேண்டும்.

எதை வைத்துத் தேர்வது

யாரைக் கேட்டாலும் உயரத்தையும், மேலிருந்து என்ன தெரியும் என்பதையும்தான் முதலில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன், யானைமலையில் ஒரு நாள் விழும் வரைக்கும்.

அது தை மாதம். நரசிங்கம் பக்கமிருந்து ஐந்தேகாலுக்கு டார்ச் வெளிச்சத்தில் ஏறினேன். பாறை முழுக்கப் பனி. வெட்டின படியை விட்டு எப்போது விலகினேன் என்றே தெரியவில்லை. சரிவில் கால் வழுக்கி, இடது மணிக்கட்டு பாறையில் மோதியது. டார்ச் கையை விட்டுப் போய் உருண்டு எங்கோ அணைந்தது. நிலா இல்லை. மேலே போவதா, கீழே இறங்குவதா, எந்தப் பக்கம் சரிவு என்றே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அசையாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளுத்த பிறகு பார்த்தால், படி எனக்கு இருபது அடி தள்ளித்தான் இருந்தது. மணிக்கட்டு ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு விஷயம் எனக்குத் தெளிவானது. விடியும் முன் கிளம்புவது வேறு, விடியும் முன் ஏறுவது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு மலையைப் பற்றி நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: இருட்டில் நடக்க வேண்டிய தூரம் எங்கே இருக்கிறது, சாலையிலா, பாறையிலா? அடிவாரம் வரைக்கும் ஒரு மணி நேரம் சமதரையில், ஆள் நடமாட்டம் உள்ள ஊர்ச் சாலையில் நடந்து, வெளுக்கும் நேரத்தில் பாறைக்கு வந்து சேர முடியும் என்றால் அது தனி ஆளுக்கு ஏற்ற மலை. வண்டியை விட்டு இறங்கியதும் இருட்டில் பாறையில் கால் வைக்க வேண்டும் என்றால், அது எவ்வளவு அழகான மலையாக இருந்தாலும் நான்கு பேரோடு போக வேண்டிய மலை.

இரண்டாவது கேள்வி, நான் மேலே போனதை அடிவாரத்தில் யாராவது பார்த்திருப்பார்களா என்பது. வீட்டில் சொல்லிவிட்டுப் போவது ஒரு பாதுகாப்பு. பூ கட்டுகிற அப்பத்தா ஒருத்தி, "ஏத்தா, தனியாவா போற? பையப் போ" என்று கேட்டு அனுப்புவது அதைவிடப் பெரிய பாதுகாப்பு. பத்து மணிக்கு நான் இறங்கவில்லை என்றால் முதலில் தேடப்போவது அவர்தான்.

மூன்றாவது வெயில். நம் ஊர் மலைகள் பெரும்பாலும் மொட்டைப் பாறை. ஒன்பது மணிக்குப் பாறை சுட ஆரம்பித்துவிடும், பத்துக்கு மேல் உட்கார முடியாது. சூரியன் உதிப்பது மே கடைசியில் ஆறுக்குச் சில நிமிடம் முன்னால், மார்கழியில் ஆறரை வாக்கில். உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பே கால் வைக்கிற இடம் தெரிகிற அளவுக்கு வெளுத்துவிடும். ஆக, பாறைக்காக நம் கையில் இருப்பது காலை ஆறேகாலிலிருந்து ஒன்பது வரை. மூன்று மணி நேரம் கூட இல்லை. மலையை அந்த நேரத்துக்குள் அடங்குவதாகத்தான் பார்த்தெடுக்க வேண்டும்.

தள்ளி வைக்க வேண்டியவை

சதுரகிரியை அவள் கேட்டதில் தப்பில்லை. மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் அதுதான். வத்திராயிருப்பு தாண்டி தாணிப்பாறையிலிருந்து வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று ஏறி, சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மாவோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். ஆனால் அது திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற மலை. வனத்துறை வாசல் காலையில் திறந்த பிறகுதான் ஏற விடுவார்கள், இரவு தங்க விட மாட்டார்கள். மழை வந்தால் ஓடைகள் திடீரென்று பெருகும். 2015 மே மாதத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். கோடை மழைக்கே அந்த நிலை. தனியாக, இருட்டில் என்கிற இரண்டு வார்த்தைக்கும் அங்கே இடமில்லை. அமாவாசைக் கூட்டத்தோடு பகலில் போய்வரலாம். அதுதான் அந்த மலைக்கு உரிய முறை.

போடிப் பக்கம் குரங்கணிக்கும் இதையேதான் சொல்வேன். 2018 மார்ச் 11-இல் அங்கே காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும்படி திறந்துவிட்டது. நல்ல ஏற்பாடு. காட்டை அறிந்த உள்ளூர் ஆட்கள் கூட வருகிறார்கள். ஆனால் அது தனியாகப் போவதாகாது. அப்படி ஒரு நாள் வேண்டும் என்றால் அதற்கென்று போகலாம்.

நாகமலைக்கு வருகிறேன். திண்டுக்கல் பஸ்ஸிலும் தேனி பஸ்ஸிலும் போகிறவர்களுக்கெல்லாம் அந்த நீளமான முதுகின் மேலேயே நடந்து பார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. நான் ஏறிப் பார்த்த இடங்களில் பாதை துண்டு துண்டாகத்தான் இருந்தது. நடுவில் முள்ளும் பெயர்ந்த கல்லும். ஒரு கிலோமீட்டருக்குள் கை கால் எல்லாம் கீறல். எதிரில் ஒரு ஆளையும் பார்க்கவில்லை. ஆட்களோடு, முழு வெளிச்சத்தில் மட்டும்.

திருப்பரங்குன்றம் என் வீட்டிலிருந்து ரொம்பப் பக்கம். மேலே காசி விசுவநாதர் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் இருக்கின்றன. ஏற படியும் இருக்கிறது. ஆனால் மேலே போவதற்கு அவ்வப்போது கட்டுப்பாடு வரும், அன்றைக்கு நிலவரம் என்ன என்று விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அதனால் நீண்ட நடைக்கு இதை நம்பித் திட்டம் போடுவதில்லை. அடிவாரத்துக் கிரிவலப் பாதை மட்டும் தனி. விடியும் முன் அதில் நடக்கிறவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். இருட்டில் தனியாக நடந்து பழக நினைக்கிற பெண்ணுக்கு, முதல் இரண்டு மூன்று வாரம் அங்கே சுற்றச் சொல்வேன்.

இவை போக நான்கு மிஞ்சின. அழகர்மலை, யானைமலை, அரிட்டாபட்டி, சமணர் மலை.

அழகர்மலை

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், ஐம்பது தாண்டியவர்களுக்கும் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டர். மற்ற மூன்றும் பாறை என்றால் இது சோலை. நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, பறவைச் சத்தம் உண்டு. அழகர் கோயிலிலிருந்து பழமுதிர்சோலை முருகனைத் தாண்டி, நூபுர கங்கையும் ராக்காயி அம்மனும் இருக்கிற இடம் வரைக்கும் தார்ச் சாலை. ஏற்றம் நான்கு கிலோமீட்டர் வாக்கில் இருக்கும்.

மலைப் பாதைக்கு இருட்டில் நுழைய முடியாது. வாசல் திறந்த பிறகுதான். காட்டுமாடு நடமாடுகிற மலை என்பதால் அந்தக் கட்டுப்பாடு நமக்கு நல்லதுதான். ஆனால் நான் சொன்ன கணக்குக்கு இது அழகாகப் பொருந்தும். அப்பன் திருப்பதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து நடக்க ஆரம்பித்தால் கோயிலுக்கு வர ஒன்றரை மணி நேரம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகைக்கு வருகிற சாலை இதுதான். வழி நெடுக மண்டகப்படி மண்டபங்கள். திருவிழாவில் ஆள் நிற்க இடமில்லாத மண்டபங்களை, மார்கழி இருட்டில், யாருமில்லாமல் ஒவ்வொன்றாகக் கடந்து போவது எனக்கு ரொம்பப் பிடித்த நடை. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து எதிர்சேவை பார்த்த ஞாபகம் அந்த இடத்தில் வந்துவிடும்.

குறை என்று பார்த்தால், அந்தச் சாலையில் வண்டிகள் வேகமாக வரும். வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடக்க வேண்டும். வெளிர் நிறச் சட்டையும், முதுகுப் பையில் மினுங்குகிற பட்டையும் அவசியம். மேலே ஏறும்போது கார்களும் கோயில் பஸ்ஸும் பக்கத்தில் போய்க்கொண்டே இருக்கும், அமைதி கலைந்துபோகும். அப்புறம் குரங்கு. கையில் பிளாஸ்டிக் கவர் இருந்தாலே போதும், பறித்துவிடும். சாப்பாட்டைப் பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நடங்கள். இறங்கி வந்து பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் கதவு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, கோயில் தோசையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் அந்த நாள் நிறைந்துவிடும்.

தனியாகப் போகிறவருக்கு ஆபத்து மிகக் குறைவான மலை. ஆனால் மலையோடு தனியாக இருந்தோம் என்கிற நிறைவும் இங்கே குறைவு. 24 வயதுப் பெண் கேட்டது இதை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

யானைமலை

விழுந்த மலையைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். மேலூர் சாலையில் ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால் படுத்திருக்கிற யானை அப்படியே தெரியும். இந்தப் பெயர் நேற்று வந்ததில்லை. மேலே சமணத் துறவிகளின் கல் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் இந்த மலைக்கு 'இவகுன்றம்' என்று பெயர். இவம் என்றால் யானை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே படுத்துத் தூங்கியவர்களும் இதை யானையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியரின் அமைச்சர் மாறன்காரி தொடங்கி, அவர் இறந்ததும் தம்பி மாறன் எயினன் முடித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. காலம் கி.பி. 770.

ஒத்தக்கடையில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே டீக்கடை திறந்திருக்கும். அங்கிருந்து நரசிங்கத்துக்கு ஊர்ச் சாலை. நடைப்பயிற்சிக்காரர்கள் வருவார்கள். இருட்டு நடைக்கு ஏற்ற சாலைதான், ஆனால் சின்னது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிரச்சினை அதற்கு மேலேதான். சமணச் சிற்பங்கள் வரைக்கும் போவது சுலபம். அதைத் தாண்டினால் வழவழவென்ற சரிவு, பிடிக்க மரமோ புதரோ கிடையாது. ஏறும்போது தெரியாத சரிவு இறங்கும்போது காலைப் பிடித்து இழுக்கும். மழை பெய்த மறுநாளும் பனி நாளும் கண்டிப்பாகக் கூடாது. ஏழரைக்கு மேல், பாறை காய்ந்த பிறகு, இன்னொருவரோடு ஏறினால் கிடைக்கிற காற்றும் வெளியும் வேறு எங்கும் கிடைக்காது. தனியாக, முதல் முறையாக என்றால் சிற்பங்களோடு நின்றுவிட்டுத் திரும்புங்கள்.

அரிட்டாபட்டி

இதை மலை ஏறுகிற இடமாக நினைக்காதீர்கள் என்று அக்கா மகளிடம் சொன்னேன். மேலூர்ப் பக்கம், மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் வாக்கில், ஏழு குன்றுகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகுடு வல்லூறு என்கிற அரிய பறவை இந்தப் பாறை இடுக்குகளில் கூடு வைக்கிறது. தேவாங்கும் உண்டு.

2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்ட செய்தி வந்தபோது, மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த நாட்களில் அங்கே பெரியவர் ஒருவர் என்னிடம், "மலைய வெட்டுனா கண்மாய்க்குத் தண்ணி எங்கிருந்துத்தா வரும்?" என்று கேட்டார். மலையில் விழுகிற மழை சுனையாக, ஓடையாக இறங்கி, ஒரு கண்மாயிலிருந்து அடுத்த கண்மாய்க்குப் போய் வயலை நனைக்கிறது. அங்கே நடந்தால் அந்த வரிசையைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதனால் அங்கே எனக்குச் சரியாகப் படுவது கண்மாய்க் கரை நடை. இருட்டில் ஊருக்குள் வந்து, வெளுக்கும்போது ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, பறவைகள் எழுவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் குடைவரைச் சிவன் கோயில் வரைக்கும் போய்த் திரும்புவது. கூடு வைக்கிற பாறையில் டார்ச்சோடு ஏறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பறவை கூட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் முட்டை அன்றைய வெயிலில் வீணாகிவிடும். பஸ் வசதியும் குறைவு, சொந்த வண்டி வேண்டும். பறவையில் மனம் உள்ளவர்கள் நான்கில் இதையே முதலாவதாக வைப்பார்கள், அது சரிதான்.

சமணர் மலை

கடைசியில் நான் அவளுக்குச் சொன்னது கீழக்குயில்குடி சமணர் மலையைத்தான். மற்றவற்றைவிட உயரமானதில்லை, பெரியதும் இல்லை. ஆனால் நான் முன்னால் சொன்ன மூன்று கேள்விக்கும் நல்ல பதில் சொல்கிற மலை இதுதான்.

நாகமலை புதுக்கோட்டையில் தேனி சாலையிலேயே இறங்கிவிடலாம். ஐந்தரைக்கு அங்கிருந்து கீழக்குயில்குடிக்கு நடக்க ஆரம்பித்தால் வழியில் வீடுகள், வயல், இரண்டு பக்கமும் இருட்டில் மலைகளின் நிழல். முக்கால் மணி நேரத்தில் அடிவாரம். வண்டியில் மலை வரைக்கும் போய்விடலாமே என்று கேட்பார்கள். போகலாம். ஆனால் இந்த முக்கால் மணி நேரத்தில்தான் உடம்பு சூடாகும், கண் இருட்டுக்குப் பழகும், வாரத்தின் சத்தம் காதிலிருந்து இறங்கும். அடிவாரத்துக்கு வரும்போது நான் ஏற்கனவே நடையில் இருப்பேன்.

அடிவாரத்தில் பெரிய ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார், கருப்பசாமி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்குச் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் பொதுவான நேரம். ஆகவே உச்சியில் நின்று உதயம் பார்க்கும் ஆசையை இங்கே விட்டுவிட வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. குளத்துக் கரையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், முதல் வெயில் உச்சிப் பாறையில் விழுந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும். சாம்பல் நிறமாக இருந்த பாறை முதலில் செம்மண் நிறமாகும், அப்புறம் மஞ்சளாகும். அது நம் தலைமட்டத்துக்கு வரும்போது எழுந்து ஏறலாம்.

பாறையில் வெட்டிய படிகள், சில இடங்களில் கைப்பிடிக் கம்பி. பாதி வழியில் பேச்சிப்பள்ளம். சுனைக்குப் பக்கத்தில் பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள்: மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி. கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில், இன்னார் இதைச் செய்வித்தார் என்று பெயர்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. காலையின் சாய்ந்த வெயில் அந்த எழுத்துகளில் விழும்போது, நடுப்பகலில் கண்ணுக்கே தெரியாத கோடுகள் நிழலோடு எழுந்து நிற்கும். நான் முதல் தடவை ஒரு பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தது அப்படி ஒரு காலையில்தான். அதற்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்கிற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம், இன்னும் மேலே விளக்குத் தூண். அங்கிருந்து கிழக்கே மதுரை முழுக்கத் தெரியும், வடகிழக்கில் யானைமலை, வடக்கே நாகமலையின் முதுகு.

ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் தாராளம். நீண்ட நடை கேட்டவளுக்கு இது போதாதே என்றால், மீதி இருக்கிறது. இறங்கிய பிறகு மலையை ஒட்டியே நடந்து தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு என்கிற குகைக்குப் போக வேண்டும். பாறையில் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணப் பெருமகான், ஒருவர் அமர்ந்திருக்கிறார், ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார். குகையின் உள்ளே, சிங்கத்தின் மேலிருந்து யானையில் வருகிறவனோடு போரிடுகிற இயக்கி, சமணரின் பெண் காவல் தெய்வம். சின்னச் சிற்பம்தான், ஆனால் அந்த வில்லை வளைத்திருக்கிற வேகத்தைப் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. போருக்குப் போகிற அந்தப் பெண் முன்னால் நான் வழக்கமாகப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்து நாகமலை புதுக்கோட்டைக்குத் திரும்பி வந்தால் மொத்தம் பத்து கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஒன்பதுக்குள் பாறையை விட்டுவிடுவதால் வெயில் ஒரு பொருட்டில்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மேல் கூட்டம் வந்துவிடும். சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே பெயர் கிறுக்கியிருக்கிறார்கள், பார்த்தால் வயிறு எரியும். செட்டிப்புடவுப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. கீழே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதும், யாராவது குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் படி ஏறாமல் திரும்பிவிடுவதும் பெண்களுக்கு நல்லது. நான் இரண்டு தடவை அப்படித் திரும்பியிருக்கிறேன்.

எந்த மாதம்

மலையைவிட மாதத்தைத் தேர்வது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை, பாறை வழுக்கும். பங்குனி பிறந்தால் எட்டு மணிக்கே வெயில் அடிக்கும். மிஞ்சுவது மார்கழி, தை, மாசி. இதில் தனியாகப் போகிற பெண்ணுக்கு மார்கழியைப் போல ஒரு மாதம் கிடையாது. நாலரைக்கே கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை கேட்கும். ஐந்து மணிக்கு வாசல் தெளிக்கிற சத்தம், குனிந்து கோலம் போடுகிற பெண்கள், இடையிடையே கறுப்பு வேட்டியில் மாலை போட்ட சாமிகள். மற்ற மாதங்களில் ஆளில்லாத அதே தெரு, மார்கழியில் விழித்திருக்கும். நாம் தனியாகத்தான் நடக்கிறோம், ஆனால் ஊரே எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

எடுத்துப்போக வேண்டியது அதிகமில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர், தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று, கையில் இன்னொன்று, கணுக்காலை மூடுகிற ஷூ, ஊன்றுகோல், கடலைமிட்டாய், விசில். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை எட்டு மணி நேரத்துக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இருட்டில் கோலைத் தட்டிக்கொண்டே நடங்கள், பார்க்காமல் பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், சுருட்டை விரியன் கல்லுக்கடியில் கிடக்கும். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு ராஜாஜி மருத்துவமனை. இந்த 11 வருடத்தில் எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது இதை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா மகள் முதலில் ஒரு சனிக்கிழமை என்னோடு வந்து பகலில் சமணர் மலையைப் பார்த்தாள். மார்கழி மூன்றாவது ஞாயிறு தனியாகப் போனாள். ஐந்து இருபதுக்கு, "நடக்க ஆரம்பிச்சிட்டேன்" என்று ஒரு செய்தி. ஆறு நாற்பதுக்குப் பாதி வெயில் இறங்கிய பாறையின் போட்டோ. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. அக்கா எனக்கு நான்கு தடவை போன் செய்துவிட்டாள், நான் லொகேஷன் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது பத்துக்கு வந்தது: "இறங்கிட்டேன் சித்தி. பணியாரம் சாப்பிடுறேன். அடுத்து யானைமலை."

மாசி முதல் ஞாயிறு, ஏழு மணிக்கு ஒத்தக்கடை டீக்கடையில் நில், நானும் வருகிறேன் என்று பதில் அனுப்பினேன்.